கோலா தகான் போக நினைக்கும் வேலூர்க்காரர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பகாங் மாநிலத்தில், தெம்பெலிங் ஆற்றங்கரையில், மழைக்காடு சூழ்ந்த சின்ன ஊர் கோலா தகான். தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்கு முக்கிய வாசல் அதுதான். காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், இராணிப்பேட்டை பக்கத்திலிருந்து மலேசியா போகிறவர்கள் பெரும்பாலும் பத்துமலை, இரட்டைக் கோபுரம், கெந்திங் என்று பார்த்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். அதே பயணத்தில் மூன்று நாளை இந்த ஊருக்கு ஒதுக்குங்கள் என்று கிளம்புகிறவர்களிடமெல்லாம் சொல்வது என் வழக்கம். அப்போது அவர்கள் கேட்பவையும் நான் சொல்வதும் இங்கே.

அவ்வளவு தூரம் போய்ப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது?

ஆறும் காடும். வேறு எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். கடைத்தெரு, கேளிக்கைப் பூங்கா, கோபுரம் எதுவும் கிடையாது. தகான் ஆறு தெம்பெலிங்கில் வந்து கலக்கும் இடத்தில் ஊர் இருக்கிறது. ஒரு கரையில் வீடுகளும் விடுதிகளும், எதிர்க்கரையில் பூங்கா அலுவலகமும் காடும். தெம்பெலிங் கீழே போய் ஜெலாய் ஆற்றோடு சேர்ந்து பகாங் ஆறாகிறது. தீபகற்ப மலேசியாவின் மிக நீளமான ஆறு அதுதான்.

நமக்கு ஆறு என்றால் பாலாறு. விருதம்பட்டு பாலத்தில் பஸ் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஆண்டின் பெரும்பகுதி மணலும் சீமைக்கருவேலமும்தான். 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடியபோது ஊரே பாலத்தில் போய் நின்று வேடிக்கை பார்த்தது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து போகிறவர், தினமும் ஓடும் ஓர் ஆற்றை நம்பி பள்ளிக்கும் கடைக்கும் படகில் போய்வரும் மனிதர்களோடு இரண்டு நாள் இருந்து பார்க்க வேண்டும். இந்த ஊரை நான் விடாமல் பரிந்துரைப்பதற்குக் காரணம் அதுதான். மற்றதெல்லாம் அப்புறம்.

காடு பார்க்க மலேசியா எதற்கு? அமிர்தியும் ஜவ்வாது மலையும் இருக்கின்றனவே?

அவற்றையும் அவசியம் பாருங்கள், குறிப்பாக ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு. ஆனால் நம் மலைகளில் இருப்பது இலையுதிர் காடு. சந்தனமும் உசிலும் வேங்கையும் வளரும் காடு. பங்குனியில் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்று வெயிலைச் சமாளிக்கும். வேலூருக்கு ஆண்டுக்குச் சுமார் 1000 மி.மீ. மழை, அதுவும் சில மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். கோலா தகான் பக்கம் 2000 மி.மீ.க்கு மேல், ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்யும். அதனால் அந்தக் காடு எந்த மாதத்திலும் பச்சையாகவே இருக்கும்.

அந்தக் காட்டுக்கு 13 கோடி வயது என்று எல்லா விளம்பரத்திலும் போட்டிருப்பார்கள். மரங்களின் வயது அல்ல அது. உலகின் பல பகுதிகளைப் பனிப்பாறை மூடிய காலங்களிலும் இந்த நிலப்பரப்பு உறையாமல், காடு அறுந்துபோகாமல் தொடர்ந்து வந்திருக்கிறது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

போனால் ஒன்றைக் கவனியுங்கள். அவ்வளவு பெரிய மரங்கள் நிற்கும் மண் வளமான மண்ணே இல்லை. மழை சத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். விழுந்த இலை மட்கியதும் பூஞ்சையும் வேரும் அந்தச் சத்தைப் பிடித்து மரத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. வேர் ஆழமாக இறங்குவதில்லை. அதனால்தான் அடிமரத்தில் ஆள் உயரத்துக்கு மேலே பலகைபோல வேர்கள் புடைத்து நின்று மரத்தைத் தாங்குகின்றன. காட்டை வெட்டிவிட்டு அந்த மண்ணில் அதே காட்டை மறுபடி வளர்ப்பது ஏன் அவ்வளவு கடினம் என்று அந்த வேரைப் பார்த்தால் புரிந்துவிடும்.

மலேசியா வரை செலவு செய்ய முடியாதவர்கள் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகலாம். வால்பாறை, கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு, கர்நாடகத்தின் ஆகும்பே மூன்றும் உண்மையான மழைக்காட்டுப் பகுதிகள்தான்.

விசா வேண்டுமா?

இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா தேவையில்லை. இந்தச் சலுகை 2026 முடியும் வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு போகிறவர்கள் டிக்கெட் போடும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசிய அரசின் வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் என்றால் அது அரசுத் தளம் அல்ல, மூடிவிடுங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக வேண்டும்.

வேலூரிலிருந்து எப்படிப் போவது?

காட்பாடியில் ரயிலோ வேலூரில் பஸ்ஸோ பிடித்துச் சென்னை. அங்கிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் சுமார் நான்கு மணி நேரம். அங்கே மணி நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். இரவு விமானத்தில் போனால் விடிந்த பிறகு இறங்குவீர்கள். தூக்கமில்லாமல் அன்றே காட்டுக்கு ஓட வேண்டாம். ஒரு நாள் கோலாலம்பூரில் தங்கிக் கிளம்புங்கள்.

அடுத்தது ஜெராண்டுட் என்ற ஊர். கோலாலம்பூரிலிருந்து பேருந்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஜெராண்டுட்டில் வங்கி, மருந்துக்கடை, மாவட்ட மருத்துவமனை எல்லாம் உண்டு. பணம் எடுப்பதானால் அங்கேயே எடுத்துவிடுங்கள். கோலா தகானில் பல இடங்களில் ரொக்கம்தான் செல்லும். அங்கிருந்து கோலா தகானுக்கு ரோட்டில் ஒன்றரை மணி நேரம்.

ரயில் பிரியர்களுக்கு ஒரு சேதி. கெமாஸிலிருந்து தும்பாட் வரை போகும் கிழக்குக்கரை ரயில்பாதை ஜெராண்டுட் வழியாகத்தான் போகிறது. கோலாலம்பூரிலிருந்து நேராக வராது, சுற்றுத்தான். 1931இல் முழுமையடைந்த அந்தப் பாதையின் தண்டவாளத்தை இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் பல இடங்களில் பிடுங்கிக்கொண்டுபோய் சயாம்–பர்மா ரயில்பாதையில் போட்டார்கள். அந்த மரண ரயில்பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து இழுத்துப் போகப்பட்ட தமிழர்கள் ஏராளமாகச் செத்தார்கள். தோட்ட வேலைக்கு அந்த நாட்டுக்குக் கப்பல் ஏறியவர்களில் வடாற்காட்டு மக்களும் உண்டு. ஜெராண்டுட் நிலையத்தில் நிற்கும்போது இதை நினைத்துப் பார்க்காமல் என்னால் நகர முடிவதில்லை.

படகில் போகலாம் என்கிறார்களே, ரோட்டில் போவதா படகில் போவதா?

கிடைத்தால் படகு. இதில் எனக்கு இரண்டு கருத்தே இல்லை. ஜெராண்டுட்டுக்குச் சற்று வடக்கே கோலா தெம்பெலிங் படகுத்துறை இருக்கிறது. அங்கிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. எதிர்நீச்சல். போக மூன்று மணி நேரம் ஆகலாம், திரும்பும்போது ஆற்றோடு வருவதால் நேரம் குறையும். மோட்டார் பொருத்திய நீண்ட மரப்படகு. தண்ணீரை ஒட்டித் தாழ்வாக உட்கார வேண்டும். எருமைகள் தண்ணீரில் கிடப்பதையும், மீன்கொத்தி குறுக்கே பறப்பதையும், வீடுகள் குறைந்து குறைந்து இரு கரையிலும் காடு மட்டும் மிஞ்சுவதையும் பார்த்துக்கொண்டே போகலாம்.

ரோட்டில் போனால் வழியெல்லாம் எண்ணெய்ப்பனைத் தோட்டம். அதையும் ஒருமுறை பார்ப்பது நல்லதுதான், காடு எதுவரை பின்வாங்கியிருக்கிறது என்று தெரியும். போகும்போது படகு, வரும்போது ரோடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆள் சேராவிட்டாலோ தண்ணீர் குறைந்தாலோ, அளவுக்கு மீறி ஏறினாலோ படகு போகாது. முந்தைய நாளே விடுதிக்காரரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். உயிர்காப்பு உடுப்பு போடாமல் ஏறாதீர்கள். பைக்கு ஒரு பெரிய பிளாஸ்டிக் உறை கொண்டுபோங்கள், தண்ணீர் தெறிக்கும்.

எந்த மாதம் போகலாம்? பள்ளி விடுமுறையில் முடியுமா?

முடியும். மார்ச் முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். நம் கோடை விடுமுறை அதற்குள் வந்துவிடுகிறது. வேலூரில் கத்திரி வெயில் 42 டிகிரியைத் தாண்டும் நாட்களில் அங்கே 32, 33தான் இருக்கும். ஆனால் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காயாது. வெயிலுக்குப் பழகிய நமக்கே முதல் நாள் திணறலாக இருக்கும்.

நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை தவிருங்கள். நமக்கு மழை தரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் அங்கேயும் கொட்டுகிறது. 2014 டிசம்பர் வெள்ளத்தில் இந்த ஊர் மூழ்கி, சிக்கிய சுற்றுலாப் பயணிகளை மீட்க வேண்டியிருந்தது. அரையாண்டு விடுமுறைக்குக் கோலா தகான் வேண்டாம்.

புலி, யானை எல்லாம் பார்க்கலாமா?

பார்க்க மாட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டு போவதுதான் நல்லது. காட்டில் புலி இருக்கிறது, யானை, காட்டெருமை, தப்பீர், கரடி எல்லாம் இருக்கின்றன. ஆனால் மலேசியா முழுவதிலும் காட்டில் மிஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பூங்காவோ 4343 சதுர கி.மீ. முதுமலைபோல ஜீப்பில் போனால் புல்வெளியில் மான் கூட்டம் நிற்கும் காடு அல்ல இது. பத்தடிக்கு அப்பால் கண் போகாது.

வாய்ப்பைக் கூட்ட வேண்டுமானால் ஒரு வழி இருக்கிறது. விலங்குகள் உப்பு மண் நக்க வரும் இடங்களுக்கு எதிரே மறைவுக் குடில்கள் கட்டி வைத்திருக்கிறார்கள். பும்புன் என்பார்கள். முன்பதிவு செய்து இரவு அங்கேயே தங்கலாம். மெத்தை, மின்சாரம் கிடையாது. முறை வைத்துக்கொண்டு ஓசையில்லாமல் விழித்திருந்தால் தப்பீர் வரலாம். முன்பாதியும் கால்களும் கறுப்பு, மீதி உடம்பு வெள்ளை, சின்னதாக ஒரு துதிக்கை. வராமலும் போகலாம்.

பறவைகளும் பூச்சிகளும் ஏமாற்றாது. இருவாச்சி சிறகடிக்கும் சத்தம் ஆளைக் காண்பதற்கு முன்பே கேட்கும். வழிகாட்டியோடு இரவு நடை போங்கள். குச்சிப்பூச்சி, புற ஊதா விளக்கில் பச்சையாக ஒளிரும் தேள், விளக்கை அணைத்தால் மட்டும் தெரியும் ஒளிரும் பூஞ்சை. குழந்தைகள் இரட்டைக் கோபுரத்தை மறந்தாலும் இதை மறக்க மாட்டார்கள்.

பூங்காவுக்குள் என்ன செய்யலாம்? அனுமதி வேண்டுமா?

வேண்டும். எதிர்க்கரை அலுவலகத்தில் நுழைவுச் சீட்டும் கேமராச் சீட்டும் வாங்க வேண்டும். ஆற்றைக் கடக்கும் சிறு படகுக்கு ஓரிரு ரிங்கிட்தான்.

மரங்களுக்கு இடையே, தரையிலிருந்து சுமார் 40 மீட்டர் உயரத்தில், கயிறும் பலகையுமாக ஒரு தொங்குநடை கட்டியிருக்கிறார்கள். காலையில் முதல் ஆளாகப் போய்விடுங்கள். மழை வந்தால் மூடிவிடுவார்கள், பராமரிப்புக்காகவும் சில சமயம் மூடுவார்கள். அங்கிருந்து தெரெசெக் குன்று ஏறலாம், முந்நூறு மீட்டர் சொச்சம் உயரம், பெரும்பாலும் மரப்படி. வானம் தெளிவாக இருந்தால் மேலிருந்து தகான் மலை தெரியும். 2187 மீட்டர், தீபகற்பத்தின் உச்சி. அதில் ஏறிவர ஒரு வாரம் பிடிக்கும், வழிகாட்டி கட்டாயம். அது மலையேற்றக்காரர்களுக்கு.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது தகான் ஆற்றில் லாத்தா பெர்கோ பாறை ஓடைகள் வரை படகில் போவது. ஆறு குறுகலானது. இரு கரையிலிருந்தும் நெராம் மரங்கள் சாய்ந்து தலைக்கு மேலே கூடிவிடும். தண்ணீர் கலங்கல் இல்லாமல், தேநீர் நிறத்தில் தெளிந்து ஓடும். அந்த நிறம் அழுக்கு அல்ல. மட்கும் இலையிலும் பட்டையிலும் இருந்து இறங்கும் துவர்ப்புச் சத்து, டானின். நம் ஊர்த் தோல் பதனிடும் ஷாப்புகளில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையை ஊறவைத்து இறக்கினார்களே, அதே வகைப் பொருள். அப்புறம் பட்டைக்குப் பதில் குரோமியம் வந்தது, பாலாறும் கிணறுகளும் என்ன ஆயின என்று ஆம்பூர், இராணிப்பேட்டைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாசு பற்றிய வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்துபவரே இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. டானின் கலந்த ஆற்றில் மீன் துள்ளுவதைப் பார்த்தபோது எனக்கு நம் ஆற்றை நினைத்து மனசு கனத்தது.

அந்த வழியில் கெலா மீனுக்கு ஒரு காப்பிடமும் இருக்கிறது. காவிரியில் குறைந்துவரும் மகசீர் கெண்டைக்குச் சொந்தக்கார மீன். அங்கே பிடிக்கக் கூடாது என்பதால் பெரிது பெரிதாகக் கூட்டமாக வரும்.

இவ்வளவு காடு எப்படி வெட்டப்படாமல் தப்பித்தது?

தியோடர் ஹப்பாக் என்று ஒருவர். முதலில் வேட்டைக்காரர், பிறகு பகாங்கின் கௌரவ வனவிலங்குக் காப்பாளர். பகாங், கிளந்தான், திரெங்கானு சுல்தான்களிடம் பல ஆண்டுகள் விடாமல் பேசினார். 1938–39இல் மூன்று மாநிலங்களும் சேர்ந்து ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் தேசியப் பூங்காவை அறிவித்தன. நாடு விடுதலை அடைந்தபின் தாமான் நெகாரா என்று பெயர் மாறியது. சட்டம் அப்போதே வேலி போட்டிருக்காவிட்டால், ஜெராண்டுட் ரோட்டில் பார்த்த எண்ணெய்ப்பனை ஆற்றைத் தாண்டியிருக்கும் என்பது என் எண்ணம்.

அட்டை கடிக்குமாமே?

கடிக்கும். மழை பெய்த மறுநாள் நிறையவே இருக்கும். ஆபத்து இல்லை. வலிக்கவும் வலிக்காது, ரத்தம் மட்டும் கொஞ்ச நேரம் நிற்காமல் கசியும். முழங்கால் வரை இழுத்துவிடும் அட்டைக் காலுறை ஜெராண்டுட்டிலோ கோலா தகானிலோ வாங்கலாம். பேண்டை அதற்குள் செருகிவிடுங்கள். ஒட்டிக்கொண்டால் நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பி எடுங்கள். நெருப்பு வைத்துப் பிய்க்க வேண்டாம். சர்க்கரை நோயாளிகளும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கிளம்பும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

கொசு அட்டையைவிடக் கவனிக்க வேண்டியது. டெங்கு உள்ள நாடு.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

ஆற்றில் மிதக்கும் ஓட்டல்கள்தான் ஊரின் அழகு. கரையிலிருந்து பலகைப் பாலத்தில் இறங்கிப் போய் உட்கார்ந்தால் தண்ணீருக்கு மேலே சாப்பாடு. நாசி கோரெங் என்ற வறுத்த சோறு, மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸ், ஆற்று மீன், தோம் யாம் என்ற புளிப்பும் காரமுமான சூப். மலாய் முஸ்லிம் ஊர் என்பதால் எல்லாம் ஹலால். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் குடும்பங்களுக்கு அந்தக் கவலையே இல்லை. மது தேடாதீர்கள். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் கடைகள் மூடியிருக்கும்.

சைவர்களுக்குத்தான் கொஞ்சம் கஷ்டம். காய்கறி வறுவலில்கூட பெலாச்சான் என்ற இறால் விழுதோ நெத்திலியோ இருக்கும். இரண்டும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். முட்டை சாப்பிடுகிறவர்கள் தப்பித்துவிடலாம். மற்றவர்கள் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய் கொண்டுபோங்கள். வெள்ளைச் சோறு எங்கும் கிடைக்கும்.

பழங்குடி மக்களின் குடியிருப்புக்கு அழைத்துப் போவார்களாமே, போகலாமா?

பாத்தேக் மக்களைச் சொல்கிறீர்கள். அந்தக் காட்டிலேயே வேட்டையாடியும் கிழங்கு, பிரம்பு சேகரித்தும் இடம் மாறி மாறி வாழ்ந்து வந்தவர்கள். ஊதுகுழலில் அம்பு விடுவதையும் கட்டையை உரசி நெருப்பு உண்டாக்குவதையும் வருகிறவர்களுக்குச் செய்து காட்டுவார்கள்.

போகலாம், மரியாதையோடு. முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள், குறிப்பாகக் குழந்தைகளை. குடிலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். கட்டணத்தில் அவர்களுக்கு எவ்வளவு போகிறது என்று ஏற்பாட்டாளரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள், கேட்பவர்கள் கூடினால்தான் பங்கு கூடும். முக்கியமாக, சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் போகவே கூடாது. 2019இல் இதே காட்டின் கிளந்தான் பக்கம், கோலா கோ என்ற இடத்தில், தட்டம்மை பரவிப் பாத்தேக் மக்கள் பலர் இறந்தார்கள். நமக்குச் சில நாளில் போய்விடும் நோய், ஒதுங்கி வாழும் சிறு கூட்டத்துக்கு எமனாகிவிடும்.

அப்பா அம்மாவுக்கு எழுபது வயது. குழந்தைக்கு நான்கு. அழைத்துப் போகலாமா?

குழந்தை பிரச்சினை இல்லை. பெரியவர்களுக்கு முழங்கால்தான் கேள்வி. இரு கரையிலும் ஆற்றுக்கு இறங்கி ஏறச் செங்குத்தான படிகள் உண்டு. தாழ்வான படகில் மூன்று மணி நேரம் காலை நீட்டி உட்காருவதும் எல்லோராலும் முடியாது. ரத்தினகிரி படிகளை நின்று நின்றாவது ஏறுகிறவர் என்றால் தாராளமாக வரலாம். அவர்களை ரோடு வழியாக அழைத்துப்போய், பூங்கா அலுவலகத்தை ஒட்டிய மரப்பலகைப் பாதையில் காலையிலும் மாலையிலும் நடக்கவிடுங்கள். தொங்குநடையும் குன்றும் வேண்டாம். மிதக்கும் ஓட்டலில் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து படகுகளைப் பார்ப்பதே அவர்களுக்குப் போதும், பலர் அதைத்தான் திரும்பி வந்து சொல்கிறார்கள்.

எத்தனை நாள் தங்க வேண்டும்?

மூன்று இரவு. கோலாலம்பூரிலிருந்து ஒரே நாளில் போய்வரும் ஏற்பாடுகளும் விற்கிறார்கள். அதில் பாதி நாள் வண்டியிலேயே போய்விடும், மீதியில் தொங்குநடையில் வரிசையில் நிற்பீர்கள். அதற்குப் பதில் போகாமலே இருக்கலாம். இரண்டாம் நாள் காலைதான் காது பழகி, எந்தச் சத்தம் பறவை, எது பூச்சி என்று பிரிய ஆரம்பிக்கும். மூன்றாம் நாளில் திட்டம் எதுவும் வைக்காதீர்கள். மழை ஒரு நாளையாவது தின்றுவிடும், அப்போது அந்த நாள் கைகொடுக்கும்.

வேறு என்ன எடுத்துப் போக வேண்டும்?

சீக்கிரம் உலரும் மெல்லிய உடை. ஜீன்ஸ் நனைந்தால் உலரவே உலராது. பிடிமானமுள்ள பழைய ஷூ, டார்ச், மழைக்கோட்டு, கொசு மருந்து, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள். தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோய் விடுதியில் நிரப்பிக்கொள்ளுங்கள். பிஸ்கட் உறை, பாட்டில் எதையும் காட்டில் போடாமல் ஜெராண்டுட் வரைக்கும் திரும்ப எடுத்து வாருங்கள், அந்தச் சின்ன ஊருக்குக் குப்பை அள்ளுவதே பெரிய பாடு. திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு கோலாலம்பூரிலேயே இருந்துவிடுங்கள். ஆறு ஏறிவிட்டால் படகும் தாமதமாகும், பஸ்ஸும் தாமதமாகும்.